அட்டாலியில இருந்து இறக்குன ஓலைக்கட்டும் பழைய புஸ்தகமும்: கேட்லாக் எப்படிங்க போடறது?

காங்கயத்துப்புள்ள:

வணக்கமுங்க எல்லாருக்கும். கொஞ்சம் நீளமான பதிவு, சித்தெ பொறுமையா படிச்சுட்டு வழி சொல்லுங்க.

எங்க அப்பாருவும் (தாத்தா) அவரோட அப்பாவும் ஊர்ல திண்ணைப் பள்ளிக்கூடம் வச்சிருந்தவங்க, ஊர்க்கணக்கும் எழுதுவாங்க, வைத்தியமும் பாப்பாங்கன்னு ஆத்தா சொல்லும். பழைய வீட்டப் பிரிக்கறோம்னு போன மாசம் அட்டாலிய (பரண்) காலி பண்ணுனப்ப ஒரு தகரப் பொட்டியும் ரெண்டு மரப் பொட்டியும் இறங்குச்சு. தொறந்தா ஓலைக்கட்டு 37, அச்சுப் புஸ்தகம் ஒரு 400 கிட்ட. பாதிக்கு அட்டை இல்ல, சிலது கையில எடுத்தாலே அப்பளமா நொறுங்குது. எங்க பெரியப்பாரு வீட்டுல இதே மாதிரி ஒரு பொட்டிய, ஆருக்கும் படிக்கத் தெரியாது, வச்சிருந்தா ஆகாதுன்னு ஒரு பதினெட்டாம் பெருக்கன்னைக்கு பவானி கூடுதுறையில ஆத்தோட விட்டுட்டாங்களாம். அதக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரே வெசனமா இருக்குதுங்க. இதையாவது காப்பாத்தோணும்.

ஊர்ப் படிப்பகத்துல ரெண்டு பீரோ ஒதுக்கித் தந்திருக்காங்க. நானும் ப்ளஸ் டூ படிக்கிற புள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து எக்ஸெல்ல பேரு, ஆசிரியர், வருஷம், பக்கம்னு நாலு கட்டம் போட்டு ஆரம்பிச்சோம். அச்சுப் புஸ்தகம் ஒரு 60 போட்டாச்சு, ஓலைக்கு வந்தப்ப நின்னு போச்சு. பேரே இல்ல. மேல ஒரு சுழி, அப்புறம் "அரி ஓம் நன்றாக குரு வாழ்க குருவே துணை"ன்னு இருக்குது, அதையே பேருன்னு நெனச்சு அஞ்சு கட்டுக்கு ஒரே பேரு போட்டுட்டோம். வருஷம்னு பாத்தா தாது, யுவன்னு இருக்குதே ஒழிய நம்பர் இல்ல.

இன்னொரு தப்பும் நடந்து போச்சுங்க. நான் இல்லாதப்ப தம்பி ஒருத்தன் நல்ல மனசுலதான், தூசி தட்டறேன்னு ரெண்டு கட்ட அவுத்து, ஓலைய எல்லாம் நீளம் பாத்து ஒண்ணா அடுக்கி வச்சிருக்கான். இப்ப எது எந்தக் கட்டோடதுன்னு தெரியல. அவன் அழுதே போட்டான்.

அச்சுலயும் கேள்வி இருக்குது. ஒரே அட்டைக்குள்ள ஏழெட்டு சின்னச் சின்ன புஸ்தகத்தச் சேத்துத் தெச்சிருக்காங்க, அத ஒண்ணுன்னு எண்றதா எட்டுன்னு எண்றதா? முகப்பு கிழிஞ்சு போனதுக்கு என்ன பண்றது? ஓலைக்கு மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவச் சொல்றாங்க, தடவலாமா? நேத்து ஒருத்தர் கார்ல வந்து கட்டு ஒண்ணுக்கு இவ்வளவுன்னு ரொக்கம் தர்றேன்னார், எங்க சித்தப்பா கொஞ்சம் ஆடிப்போயிட்டார். மளார்னு யாராச்சும் சொல்லுங்க.

பீளமேடு நூலகர்:

அம்மிணி, முதல்ல அந்தத் தம்பிகிட்ட அழுக வேண்டாம்னு சொல்லு. அத சரி பண்ணிடலாம். நான் 31 வருஷம் காலேஜ் லைப்ரரியில இருந்து ரிட்டையர் ஆனவன், இதே தப்ப நானே சர்வீஸ்ல சேந்த புதுசுல ஒரு ஜமீன் வீட்டுப் பொட்டியில பண்ணியிருக்கேன்.

இன்னைக்கு எக்ஸெல்ல மூடி வச்சிரு. பேரு கண்டுபிடிக்கிற வேலை கடைசி வேலை. இப்ப வேணுங்கறது நம்பர் மட்டும்தான். எந்தப் பொட்டியில எந்த வரிசையில இருந்துச்சோ அதே வரிசையில கட்டு 1, கட்டு 2ன்னு ஒரு நூல்துணித் துண்டுல பென்சில்ல எழுதி கயித்தோட சேத்துக் கட்டிடு. ஓலை மேல எதுவும் எழுதாதே, ரப்பர் பேண்ட் போடாதே, செல்லோடேப் பக்கத்துலயே வரக் கூடாது. எந்தப் பொட்டி, மேலயா அடியிலயான்னு ஒரு நோட்டுல எழுதி வை, ஏன்னா உங்க அப்பாரு பக்கத்துப் பக்கத்துல வச்சது சும்மா வச்சிருக்க மாட்டார், வைத்தியம் வைத்தியத்தோட இருக்கும், கணக்கு கணக்கோட இருக்கும், பின்னாடி ஒரு பேரில்லாத கட்டு என்னன்னு தெரியறதுக்கு அதுக்குப் பக்கத்துல என்ன இருந்துச்சுங்கறது ரொம்ப உதவும்.

கலந்து போன ரெண்டு கட்டுக்கு வர்றேன். நீளத்த நம்பாதே. ஒவ்வொரு ஓலையிலயும் ரெண்டு துளை இருக்குமல்ல, இடது ஓரத்துல இருந்து முதல் துளை எத்தன செமீ, ரெண்டு துளைக்கும் நடுவுல எத்தன செமீன்னு ஸ்கேல் வச்சு அள. ஒரே கட்டு ஓலை எல்லாம் ஒண்ணா அடுக்கித் துளை போட்டிருப்பாங்க, அதனால அந்த அளவு அச்சு மாதிரி ஒத்து வரும். அடுத்து பக்கத்துக்கு எத்தன வரி, கையெழுத்து சாய்வா நேரான்னு பாரு. இடது ஓரத்துல ஏட்டு எண் இருந்தா வரிசை தானா வந்துரும். ஓலை நுனியில கருப்பு ஏறியிருக்கற அளவுகூட காட்டிக் குடுக்கும், அடுக்குல அக்கம் பக்கம் இருந்தது ஒரே மாதிரிதான் கருத்திருக்கும்.

அச்சுப் புஸ்தகத்துக்கு. ஒரே அட்டைக்குள்ள எட்டு இருந்தா எட்டுப் பதிவு போடோணும், தெச்சத மட்டும் பிரிக்கக் கூடாது. 112-1, 112-2ன்னு போட்டு, இது இன்னின்ன புஸ்தகத்தோட சேத்துக் கட்டியிருக்குன்னு குறிப்பு எழுது. எட்டுப் பக்கம் பதினாறு பக்கம் இருக்கற சிந்து, கும்மி, ஒப்பாரி, நல்லதங்காள் கதை, கொலைச்சிந்து இதெல்லாம் சென்னை குஜிலி பஜார் கடையில அணாக் கணக்குல வித்தது, படிச்சுட்டுத் தூக்கிப் போடறதுக்குன்னே அச்சடிச்சது. அதனாலதான் பெரிய புராணம் பத்து எடத்துல கிடைக்கும், கொலைச்சிந்து ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது. கோட்டையூர் ரோஜா முத்தையா அந்த மாதிரிச் சில்லறைன்னு மத்தவங்க ஒதுக்குனத எல்லாம் சேத்து வச்சார், 1992ல அவர் போனதுக்கப்புறம் அந்தத் தொகுப்புதான் சென்னையில ஆராய்ச்சி நூலகமா நிக்குது. பழைய பஞ்சாங்கம், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை எதையும் குப்பைன்னு எறிஞ்சுடாதே கண்ணு.

முகப்புல இருக்கறத இருக்கற மாதிரியே எழுதோணும். பழைய முகப்பு ஒரு பக்கம் முழுக்க ஓடும், இன்னார் இயற்றியது, இன்னார் பார்வையிட்டது, இன்னார் பொருளுதவியால, இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டதுன்னு. இதுல நாலு பேரு வருது, பெரிய எழுத்துல இருக்கறவர ஆசிரியர்னு போட்டுட்டா அது பல சமயம் பணம் குடுத்த செட்டியாரா இருப்பார். அதனால ஆசிரியர், பதிப்பிச்சவர், பாத்துத் திருத்தினவர், உதவினவர்னு தனித்தனிக் கட்டம் போடு. முகப்பு போயிருந்தா கடைசிப் பக்கத்தப் பாரு, 1867ல வந்த சட்டப்படி அச்சடிச்சவர் பேரும் ஊரும் ஒவ்வொரு புஸ்தகத்துலயும் போட்டாகோணும்னு அப்ப இருந்துச்சு, எங்கியாச்சும் ஒரு மூலையில இருக்கும். முகப்புல இல்லாத தகவல வேற எடத்துல இருந்து எடுத்திருந்தா சதுர அடைப்புக்குறிக்குள்ள போடறதுதான் எங்க வழக்கம்.

புஸ்தகத்தப் பொருள் வாரியாப் பிரிக்கறதுக்கு டியூவி நம்பர் போடலாமா, ரங்கநாதனோட கோலன் நம்பர் போடலாமான்னு யாராச்சும் குழப்புவாங்க. ரங்கநாதனப் படிச்சு வளந்தவன்தான் நானும், ஆனா 400 புஸ்தகத்துக்கு இப்ப அது வேண்டாம். வரிசை நம்பர் போதும்.

மஞ்சள், நல்லெண்ணெய் ரெண்டும் வேண்டாம். மெத்துனு இருக்கற ப்ரஷ்ல தூசி தட்டி, கஞ்சி போடாத காட்டன் துணியில சுத்தி வை. எலுமிச்சைப்புல் தைலம் தடவறது உண்டு, ஆனா அது பழகுன கை பண்ற வேலை. கருப்பு மை பூசி எழுத்த எடுப்பாக் காட்டறதும் அப்படித்தான்.

ஓலைப்படிப்பு:

அக்கா, நான் தஞ்சாவூர்ல சுவடியியல் படிச்சுட்டு இப்ப பெருந்துறை பக்கம் இருக்கேன். நூலகர் அய்யா சொன்னதுக்கு மேல ஓலை பத்தி மட்டும் சொல்றேன்.

ஒரு கட்டு ஒரு நூல்னு நினைச்சுக்காதீங்க. திண்ணை வாத்தியார் வீட்டுக் கட்டுன்னா முதல் இருபது ஏடு எண்சுவடி (வாய்ப்பாடு), அப்புறம் ஆத்திசூடி, நடுவுல ஒரு பிள்ளைத்தமிழ் பாதி, கடைசியில மாட்டு வைத்தியம்னு இருக்கும், ஓலை மிச்சம் இருந்தா அடுத்தத எழுதிக்குவாங்க. அதனால பதிவு கட்டுக்கு இல்ல, உள்ள இருக்கற நூலுக்கு. கட்டு 7, நூல் 3, ஏடு 41ல இருந்து 58 வரைக்கும்னு.

பேரு தெரியலன்னா பரவாயில்ல, தொடக்கமும் முடிவும் எழுதுங்க. இதுதான் ஓலைக்கு அடையாளமே. சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1869ல ஆரம்பிச்சது, அவங்க போட்ட விவரண கேட்லாக்கப் புரட்டிப் பாத்தீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் முதல் அடியும் கடைசி அடியும் குடுத்திருப்பாங்க. உங்க பேரில்லாக் கட்டோட முதல் ரெண்டு அடி அதுல ஏதோ ஒண்ணோட ஒத்துப் போச்சுன்னா பேரு கிடைச்சுது. "அரி ஓம்", "குருவே துணை" எல்லாம் வணக்கம், அதையும் எழுதுங்க, ஆனா தொடக்கம்னு கணக்கு வைக்கறது அதுக்கு அடுத்த வரி. காப்புச் செய்யுள் இருந்தா காப்புக்கு ஒண்ணு, நூல் தொடங்கற எடத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டா எழுதுங்க, ஏன்னா நிறைய பிரதியில காப்பு ஏடுதான் முதல்ல போயிருக்கும்.

படிக்கறப்ப மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வித்தியாசம் இருக்காது, "கொடு"ன்னு இருந்தா கொடுவும் ஆகும் கோடுவும் ஆகும். ரகரமும் காலும் ஒரே மாதிரி நிக்கும். வரியும் பிரிக்காம ஓடும், செய்யுளா உரைநடையான்னே முதல்ல தெரியாது. அதனால ரெண்டு கட்டம் வைங்க, ஓலையில இருக்கற மாதிரியே ஒண்ணு, நீங்க பிரிச்சுப் படிச்சது ஒண்ணு. நீங்க படிச்சது தப்பா இருந்தாலும் முதல் கட்டம் இருந்தா பின்னாடி வர்றவங்க திருத்திக்குவாங்க. ரெண்டையும் சேத்து "சரி பண்ணி" எழுதிட்டா அப்புறம் ஓலையத்தான் மறுபடியும் அவுக்கோணும், ஒவ்வொரு தடவ அவுக்கறப்பவும் ஒரு நுனி உடையும்.

ஏட்டு எண்ணு எழுத்து மாதிரியே தெரியும். ௧ கவாட்டம், ௨ உவாட்டம், ௫ ருவாட்டம், ௭ எ, ௮ அ, பத்துக்கு ௰ அதாவது ய. இருபத்தஞ்ச ௨௰௫ன்னு எழுதுவாங்க, புள்ளைங்க அத மூணு எழுத்து வார்த்தைன்னு படிச்சுரும். ௵ன்னா வருஷம், ௴ மாசம், ௳ நாள், ௸ மேற்படி. இந்த நாலு தெரிஞ்சா கடைசி ஏட்டுக் குறிப்பு பாதி புரிஞ்சுரும்.

அந்தக் கடைசிக் குறிப்புல "இன்னார் எழுதினது"ன்னு வந்தா அவர ஆசிரியர்னு போட்டுறாதீங்க, பெரும்பாலும் பாத்துப் பிரதி பண்ணினவர். யாருக்காக எழுதினது, யாரு வீட்டு ஏடுங்கறதும் இருக்கும். எழுதினவர், வச்சிருந்தவர் தனித்தனி.

கணக்கு ஓலை வந்தா சலிச்சுக்காதீங்க. மா, காணி, முந்திரின்னு பின்னம் நிறைஞ்சு கெடக்கும், வள்ளக் கணக்குல தானியம் வரும், 1799 வரைக்கும் நம்ம பக்கம் மைசூர் ஆட்சியில இருந்ததால கன்னட எழுத்து தலை காட்டுனாலும் ஆச்சரியம் இல்ல. இலக்கியம்னா நாலு பேரு தேடுவாங்க, ஒரு ஊரோட கணக்குக்கு அந்த ஒரு ஓலைய விட்டா வேற கதியே கிடையாது. ஈரோட்டுப் புலவர் செ. இராசு அய்யா செப்பேடும் ஓலையும் தேடி வீடு வீடா ஏறி இறங்கினதாலதான் கொங்குச் சமுதாய ஆவணம்னு இன்னைக்கு நம்ம கையில ஒண்ணு இருக்குது.

ஒரு விஷயம் மனசுல இருக்கறதால சொல்றேன். பெருங்கதை பாடின கொங்குவேளிர் உங்களுக்குப் பக்கத்து விஜயமங்கலம்தான். அந்த நூல உ.வே.சா. 1924ல அச்சுல கொண்டாந்தப்ப முதலும் இல்ல, முடிவும் இல்ல, கிடைச்ச ஓலையில இருந்தத வச்சுத்தான் போட்டார். நூறு வருஷம் ஆச்சு, இன்னும் அப்படியேதான் இருக்குது. நான் ஒவ்வொரு வீட்டுப் பொட்டியத் தொறக்கறப்பவும் அந்தக் கதைநாயகன் உதயணன் பேரு கண்ணுல படுதான்னுதான் முதல்ல பாக்கறேன். உங்க 37லயும் பாருங்க.

கோபிக்காரன்:

எதுக்குங்க இவ்வளவு பாடு? நல்ல கேமரா வாங்கி எல்லாத்தையும் போட்டோ புடிச்சு டிரைவ்ல ஏத்திட்டா முடிஞ்சுது. தேடறவங்க தேடிக்கட்டும். ஓலைய சென்னைக்கோ தஞ்சாவூருக்கோ குடுத்துருங்க, ஊர்ப் படிப்பகத்துல கரையான் திங்கறதுக்கா வைக்கறீங்க.

ஓலைப்படிப்பு:

குமரேசா, நீ சொல்ற மாதிரி ஏத்துன டிரைவ் ஒண்ணு என்கிட்ட இருக்குது. 6,000 போட்டோ, எல்லாத்துக்கும் பேரு ஐஎம்ஜி 0001ன்னு. எந்தக் கட்டு எங்க முடியுது, எது முன்பக்கம் எது பின்பக்கம் ஒண்ணும் தெரியல, அந்த வீட்டு ஓலையும் இப்ப இல்ல. ஓலையப் படிச்சுத் தேடறதுக்கு கம்ப்யூட்டருக்கு அது அச்சு எழுத்து இல்ல. ஆரு தேடறது, எதத் தேடறது? போட்டோ கண்டிப்பா எடுக்கோணும், ஆனா நம்பரும் தொடக்கம் முடிவும் எழுதுன பின்னாடி.

எங்க வைக்கறதுங்கறது அந்த வீட்டுக்காரங்க முடிவு. கரையானப் பத்தி நீ சொன்னது நெசம், பீரோவ சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி, கால் போட்டு தரைக்கு மேல நிறுத்தோணும்.

திருப்பூர் மல்லிகா:

அக்கா நான் ஐடியில இருக்கேன், ஒரு கோயில் நூலகத்துக்கு கோஹாங்கற நூலக சாப்ட்வேர்ல பட்டியல் ஏத்திக் குடுத்தேன், அதுல பட்ட கஷ்டத்தச் சொல்றேன் நீங்க படாம இருக்கோணும்னு.

எக்ஸெல்லத் தொறந்ததும் எல்லாக் கட்டத்தையும் டெக்ஸ்ட்னு மாத்திக்கங்க. இல்லன்னா ஏடு 3-12ன்னு நீங்க அடிச்சா அது டிசம்பர் 3ன்னோ மார்ச் 12ன்னோ தேதியா மாத்திரும், நீங்க கவனிக்கவே மாட்டீங்க. எனக்கு 200 பதிவு அப்படிப் போச்சு, மறுபடியும் புஸ்தகத்த எடுத்துத்தான் பாத்தேன்.

யூனிகோட்ல மட்டும் அடிங்க. பழைய டிடிபி கடையில பாமினி மாதிரி எழுத்துருவுல அடிச்சுக் குடுத்தா வேற கம்ப்யூட்டர்ல வெறும் குப்பையாத் தெரியும். அப்புறம் ஒரு நுணுக்கம், ஔவையார்ல வர்ற ஔ ஒரே எழுத்து, நிறைய பேரு ஒவும் ளவும் சேத்து ஒளவையார்னு அடிச்சுடறாங்க. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், தேடுனா வராது. எங்க பட்டியல்ல ஒரே ஆத்திசூடி ரெண்டு ஆசிரியருக்குக் கீழ நின்னுச்சு. கொ, கோவும் அதே கதைதான், துண்டு துண்டா அடிக்காம ஒரே எழுத்தா விழுற மாதிரி அடிங்க.

பேருக்கு ரெண்டு கட்டம் வைங்க. 1978க்கு முந்தின புஸ்தகத்துல லை, ணை, றா எல்லாம் பழைய வடிவத்துல இருக்கும், அத இன்னைய எழுத்துல அடிச்சாப் போதும், அது வேற எழுத்து இல்ல. ஆனா சொல்லோட எழுத்துக்கூட்டு வேற மாதிரி இருந்தா, சரித்திரம்ங்கறது சரித்ரம்னோ சந்தி பிரிக்காம நாலு சொல்லு ஒண்ணாவோ இருந்தா, முகப்புல இருக்கறபடி ஒரு கட்டத்துலயும் இப்ப ஜனங்க தேடற மாதிரி இன்னொரு கட்டத்துலயும் போடுங்க. தேடறவங்களுக்கு ரெண்டாவது, அசல் எப்படி இருந்துச்சுன்னு தெரியறதுக்கு முதலாவது. பின்னாடி கோஹாவுக்கு மாத்தறப்ப இந்த ரெண்டுக்கும் தனித்தனி எடம் இருக்குது, அப்படியே போய் உக்காந்துரும்.

போட்டோவுக்குப் பேரு கட்டு07-ஏடு041-முன், கட்டு07-ஏடு041-பின்ன்னு. 41ன்னு அடிக்காம 041ன்னு அடிக்கோணும், இல்லன்னா 100வது ஏடு 11க்கு முன்னாடி போய் நிக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் முதல் போட்டோவுல பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க. காப்பி மூணு எடத்துல இருக்கட்டும், ஒண்ணு ஊருக்கு வெளிய.

அச்சுப் புஸ்தகத்த முழுசா ஸ்கேன் பண்றதுக்கு முன்னாடி தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இருக்குதான்னு தேடிப் பாருங்க. இருந்தா உங்க நேரம் மிச்சம், இல்லாதத முதல்ல எடுக்கலாம். பதிவு மட்டும் எல்லாத்துக்கும் போடுங்க, அங்க இருக்கற பிரதியில உங்க அப்பாரு ஓரத்துல எழுதுன குறிப்பு இருக்காதல்ல.

காங்கயத்துப்புள்ள:

எல்லாருக்கும் கோடி நன்றிங்க. ஒரு வாரமா இதே வேலைதான். 37 கட்டுக்கும் துணித் துண்டு கட்டியாச்சு. அய்யா சொன்ன துளை அளவு அப்படியே வேலை செஞ்சுதுங்க, ஒண்ணு 8.1 செமீ, இன்னொண்ணு 9.4. தம்பியே உக்காந்து எல்லா ஓலையையும் அளந்து பிரிச்சுட்டான், 64 ஒரு பக்கம் 52 ஒரு பக்கம். இப்ப அவன்தான் எனக்குத் தமிழ் எண்ணு சொல்லித் தர்றான்.

64 ஏடு இருக்கற கட்டுல எண்சுவடி. கடைசி ஏட்டுல தாது ௵ தை ௴ன்னு படிச்சேன், எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. தாது வருஷப் பஞ்சம்ல? நம்ம கோயமுத்தூர் சேலம் சீமையில கஞ்சிக்கு இல்லாம ஜனங்க செத்த நேரத்துல எங்க முப்பாட்டன் திண்ணையில உக்காந்து புள்ளைங்களுக்கு வாய்ப்பாடு எழுதியிருக்காருன்னு. 1876ன்னு போட்டுட்டேன்.

ஓலைப்படிப்பு:

அக்கா, அந்த நம்பர இப்போதைக்கு எடுத்துருங்க. தாது 60 வருஷத்துக்கு ஒருக்கா வரும். 1816லயும் தாது, 1876லயும் தாது, 1936லயும் தாது. அதோட வருஷம் சித்திரையில ஆரம்பிக்குது, தை மாசம்னா இங்கிலீஷ் வருஷம் அடுத்தது ஆயிருக்கும். ஆக 1817, 1877, 1937 மூணுல ஒண்ணு. வருஷக் கட்டத்துல "தாது தை"ன்னு ஓலையில இருக்கறபடியே எழுதிட்டு, பக்கத்துக் கட்டத்துல மூணையும் போடுங்க.

அப்புறம் குறைக்கலாம். கலியுகம்னோ சாலிவாகன சகாப்தம்னோ அந்த ஏட்டுல எங்கியாச்சும் எண்ணு இருக்குதா பாருங்க, சகாப்தத்தோட 78 கூட்டுனா இங்கிலீஷ் வருஷம், கலியில 3101 கழிக்கோணும், ஒரு வருஷம் முன்னப் பின்ன வரும். அது இல்லன்னா தேதியும் கிழமையும் நட்சத்திரமும் மூணும் இருந்தாலே போதும், மூணு வருஷத்துக்கும் கணக்குப் போட்டுப் பாத்தா பெரும்பாலும் ஒண்ணுதான் ஒத்து வரும், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போட்ட காலக்கணக்கு அட்டவணை பெரிய நூலகங்கள்ல இருக்குது. எழுதினவர் பேரு இருந்தா உங்க ஆத்தாகிட்ட தலைமுறை கேளுங்க, அவர் அப்பாருவோட அப்பாவா, அதுக்கும் முந்தியா.

பஞ்சத்துல எழுதினதாவே இருக்கலாமுங்க. இருந்தா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா பட்டியல்ல ஒருக்கா 1876ன்னு ஏறிட்டா அடுத்து எழுதறவங்க எல்லாம் அதையே எடுத்து எழுதுவாங்க, அப்புறம் அழிக்கவே முடியாது.

பவானி அக்கா:

இப்பதான் பாத்தேன், அந்தக் கார்ல வந்தவரப் பத்தி யாரும் சொல்லலியே. கண்ணு, உங்க சித்தப்பாகிட்டச் சொல்லு, 1972ல வந்த தொல்பொருள் சட்டத்துல 75 வருஷத்துக்கு மேலான கையெழுத்துச் சுவடியும் வருது. அத வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும், நாட்டுக்கு வெளிய தனி ஆளு கொண்டு போகவே கூடாது. ஒருத்தர் வந்து ரசீது இல்லாம ரொக்கம் நீட்டுனா அது எங்க போய்ச் சேரும்னு யோசிக்கச் சொல்லு. பட்டியல்ல நம்பரும் போட்டோவும் ஏறிட்டா பீரோவுல ஒரு கட்டு குறைஞ்சாலும் தெரிஞ்சு போயிரும், அதுக்காகவாவது வேகமா முடிங்க. 2003ல ஆரம்பிச்ச தேசிய சுவடி இயக்கம் (2025ல ஞான பாரதம்னு மாத்திட்டாங்க) ஒரு படிவம் வச்சிருந்துச்சு, எழுத்து, மொழி, ஏடு எண்ணிக்கை, வரி, அளவு, நிலைமை, முழுசா குறையான்னு எல்லாம் அதுல கேட்டிருக்கும், உங்க கட்டத்தையெல்லாம் அதோட ஒத்துப் பாத்து வச்சுக்கிட்டா நாளைக்கு அங்க பதியறது சுலபம்.

எங்க வீட்டுதும் ஆத்தோட போனதுதான் கண்ணு. நான் பத்து வயசுல என் கையாலேயே ரெண்டு கட்டு விட்டேன், மஞ்சத் துணி சுத்திக் குடுத்தாங்க, புண்ணியம்னு நெனச்சேன்.

காங்கயத்துப்புள்ள:

அக்கா படிச்சுட்டு சித்த நேரம் ஒண்ணும் ஓடல. சித்தப்பாகிட்டப் படிச்சுக் காட்டிட்டேன், அந்தாளு போன் பண்ணுனா இல்லைன்னு சொல்லிட்டார்.

அண்ணா, 1876 எடுத்தாச்சு, மூணும் போட்டாச்சு. எழுதினவர் பேரு ஏடு உடைஞ்ச எடத்துல பாதி இருக்குது, ஆத்தாவக் கேக்கறேன். முதல் கட்டு இப்படிப் போட்டிருக்கேன், சரியான்னு பாருங்க: கட்டு 1. பொட்டி 2, மேலடுக்கு. பனையோலை, தமிழ் எழுத்து, தமிழ். ஏடு 64, நீளம் 31 செமீ, அகலம் 3.2, துளை 2, நடுவுல 8.1. பக்கத்துக்கு 6 வரி, சில எடத்துல 7. ஏடு 1, 2 இல்ல. 17 பாதி உடைஞ்சிருக்கு. பூச்சி அரிப்பு வலது ஓரம். பேரு ஏட்டுல இல்ல, [எண்சுவடி]. தொடக்கம், முடிவு போட்டோவோட. மரச்சட்டம் ஒண்ணு மட்டும் இருக்கு.

ஒரு சந்தேகம் மட்டும். தம்பி பிரிச்ச 116 போக ஒரு ஓலை மிச்சம் நிக்குது. துளை ஒண்ணுதான், குட்டையா இருக்குது, ரெண்டு கட்டோடயும் சேரல. நாலு வரிதான், போட்டோ போட்டிருக்கேன்.

ஓலைப்படிப்பு:

கட்டு 1 பதிவு அருமைங்க. ஏடு 64ங்கறது இப்ப இருக்கற எண்ணிக்கையா ஏட்டு எண்ணான்னு மட்டும் தெளிவா எழுதிடுங்க, ரெண்டு ஏடு இல்லன்னு சொல்றீங்கல்ல.

மிச்ச ஓலை நூல் இல்லீங்க, கடன் ஓலை. கம்பு ௪ வள்ளம், சோளம் ௨ வள்ளம் வாங்குனது, அறுப்புக்குக் குடுக்கறதுன்னு இருக்குது. கீழ ஒரு கீறல், கையெழுத்துப் போடத் தெரியாதவங்க வச்ச அடையாளம். ஏதோ ஒரு கட்டுக்கு நடுவுல சொருகி வச்சிருப்பாங்க. தனி நம்பர் போடுங்க, கலந்து போன ரெண்டு கட்டுக்குள்ள கிடைச்சதுன்னு எழுதுங்க.

காங்கயத்துப்புள்ள:

போட்டாச்சுங்க அண்ணா. 38.